மைம்மலில் பூநாரை பார்க்க எந்த பைனாகுலர்?

கேள்வி: சுண்டிக்குளத்தில் மாலை ஆறு மணி தாண்டினால் என் 10×25 பைனாகுலரில் (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 25 மில்லிமீற்றர் அகலம்) பூநாரைகளின் இளஞ்சிவப்பு சாம்பலாகிவிடுகிறது. மனம் பதைக்கிறது. கையில் முப்பதாயிரம் ரூபா. 8×42 வாங்கவா, 10×42 வாங்கவா?

பதில் 1: 8×42 தான், அண்ணை. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீற்றர், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. உங்களுடையதில் வெறும் 2.5. 10×42இல் 4.2, கை நடுக்கமும் கூடத் தெரியும்.

பதில் 2: 7×50 இன்னும் வெளிச்சமானது. ஆனால் கழுத்து நோகும். வயது ஏற ஏறக் கண்மணியும் அவ்வளவு விரியாது, மிச்ச ஒளி வீண். கடையில் பைனாகுலரை வெளிச்சத்தை நோக்கி ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். கண்வில்லையில் தெரியும் வெள்ளை வட்டத்தின் ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கேட்டவர்: எனக்கு வயது 54. நாளைக்கே 8×42 பார்க்கப் போகிறேன்.