அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, கால்சியத்துக்கு என்ன கொடுப்பது?

வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. ஒரு வருடமாகப் பால் குடித்தாலே வயிறு உப்பிக்கொள்கிறது, அப்புறம் பாத்ரூமுக்கு ஓட்டம்தான். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை சேரவில்லை என்றார் டாக்டர். எலும்பும் தேய்ந்திருப்பதால் சாப்பாட்டிலிருந்தே தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமாம்.

சரி என்று பாதாமை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதில் கால்சியம் சொற்பம். பசும்பாலிலோ 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம். கால்சியம் சேர்த்த சோயா பால் பாக்கெட் வாங்கினேன். குலுக்காமல் ஊற்றியதில் கடைசி டம்ளரில் சுண்ணாம்பு மாதிரி வண்டல். அம்மா முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டார். சூடான டிகாஷனில் விட்டால் திரிந்தும் போகிறது. காபி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது!

இப்போது கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையும்தான். தயிர் அரைக் கிண்ணம் வரை தாங்குகிறது.

கேழ்வரகை முளைகட்டிப் பால் எடுத்தால் கால்சியம் சக்கையோடு போய்விடுமா? காபியில் திரியாத பால் எது? லாக்டோஸ் நீக்கிய பசும்பால் வாங்கிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.