விதைக்கிறவன் உவமை: நெல் விதைத்தவர்கள் உதவுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். வரும் வாரம் மத்தேயு 13, இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமை: ஒருவன் விதைத்த விதை வழியருகிலும் கற்பாறை நிலத்திலும் முள்ளிலும் விழுந்து வீணாகிறது; நல்ல நிலத்தில் விழுந்தது 30, 60, 100 மடங்கு பலன் தருகிறது. நிலம் என்பது வசனத்தைக் கேட்பவர்களின் மனம். எங்கள் பிள்ளைகளுக்கு ரப்பர் தெரியும். பால் வடியும் சிரட்டை தெரியும். விதைப்பைப் பார்த்ததே இல்லை. கதையைச் சொல்லத் தொடங்கியதுமே ஒரு பையன், "வழியில் போய் யாராவது விதைப்பார்களா சார், அவருக்குக் கண் தெரியாதா?" என்றான். சிரித்துச் சமாளித்தேன். பெரியவர்கள் இன்னும் மோசம்: கற்பாறை நிலம் என்றதும் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கிறார்கள். (நானும்தான்.)

நாஞ்சில் நாட்டில் நாற்று நடாமல் கையால் வீசி விதைத்தவர்கள் சொல்லுங்கள்: வரப்பில் விதை சிந்தாமல் விதைக்க முடியுமா? 30, 60, 100 மடங்கு என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? ஒரு கைப்பிடி விதைநெல்லும் முற்றிய கதிர் ஒன்றும் தருபவர் இருந்தால், சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.