புல்மோட்டைக் கறுமணலின் காந்த இயல்பை அறிய உதவி தேவை

வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். பளிங்குக் கட்டமைப்பு ஒரு பொருளின் காந்த இயல்பை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை, நமது மாவட்டத்துப் புல்மோட்டையின் கறுமணலான இல்மனைட் (இரும்பும் டைட்டானியமும் கொண்ட ஒட்சைட்டுக் கனிமம்) மணலைக் கொண்டே அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

இல்மனைட்டில் இரும்பு அயன்களும் டைட்டானிய அயன்களும் மாறிமாறி அடுக்குகளாக அமைந்திருப்பதால், அடுத்தடுத்த இரும்பு அடுக்குகளின் காந்தத் திருப்புதிறன்கள் (அயன்கள் சிறு காந்தங்களாகச் செயற்படும் திசையும் வலிமையும்) ஏறத்தாழ 55 கெல்வினுக்குக் கீழேதான் ஒன்றுக்கொன்று எதிராக ஒழுங்குபடுகின்றன. அறை வெப்பநிலையில் அது பரகாந்தப் பொருள் மட்டுமே; அதாவது காந்தத்தால் மெலிதாகவே ஈர்க்கப்படும். ஆயினும் என்னிடமுள்ள மணலில் சில மணிகள் சாதாரணக் காந்தத்திலேயே மயிர்போல் நிமிர்ந்து ஒட்டிக்கொள்கின்றன; எஞ்சியவையோ வலிமையான நியோடிமியம் காந்தத்தை மிக நெருக்கிப் பிடித்தால்தான் அசைகின்றன.

ஒட்டுபவை மக்னடைட்டா, ஹெமடைட் கலந்த இல்மனைட்டா? (மக்னடைட், ஹெமடைட் இரண்டும் இரும்பு ஒட்சைட்டுக் கனிமங்கள்.) மக்னடைட் எனில் ஏறத்தாழ 580 பாகை செல்சியசில்தான் அந்த ஈர்ப்பை இழக்கும். ஆனால் காற்றில் சூடாக்கினால் அது ஒட்சியேறி ஹெமடைட்டாக மாறக்கூடும் என்பதால், பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யும் சோதனையை நம்ப முடியாது.

ஒட்சிசன் புகாத உலையோ பளிங்குக் கட்டமைப்பைக் கொண்டு கனிமத்தை இனங்காணும் எக்ஸ் கதிர்க் கோணல் கருவியோ உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் பணிபுரிவோர், சிறிதளவு மாதிரியைச் சோதித்துத் தர இயலுமா? மாணவர்களே பாதுகாப்பாகச் செய்யக்கூடிய வேறு முறை இருந்தாலும் தயவுசெய்து விளக்குங்கள்.