வேலை செய்யலாம், விலை பேசக்கூடாதா? வன்னிப் பெண்களே, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கிளிநொச்சியில் இருந்து:

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. மீள்குடியேறிய பிறகு அம்மா கடன்பட்டு ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் (கைபிடி பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வாங்கினார். "ஆரை வைச்சு ஓட்டப் போறாய்?" என்று மாமா கேட்டார். "நான்தான் ஓட்டுவன்" என்றேன். அப்போது எனக்கு 19 வயது.

லேசான வேலை என்று சொல்லமாட்டேன். சேற்று வயலில் இரும்புச் சில்லுப் பூட்டி இறக்கினால், வரம்பு மூலையில் திருப்பும்போது கைபிடி நெஞ்சில் வந்து இடிக்கும். முதல் காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், இரண்டு தோளும் வீங்கி, சோறு குழைக்கக் கை எழவில்லை. அது பழகிவிட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் வேலைக்கும் குறைவில்லை.

பழகாதது வேறு. உழுது முடித்து, கால் கழுவிக்கொண்டு காசு கேட்டால், "பொம்பிளைப் பிள்ளைதானே, கொஞ்சம் குறைச்சு எடு பிள்ளை" என்பார்கள். அதே ஏக்கர், அதே உழவு, அதே விலைக்கு அடித்த டீசல். கூலிக்கு வயலில் இறங்கும் அக்காமாருக்கும் இதே கதைதான், ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. போருக்குப் பிறகு வன்னிப் பெண்கள் எல்லா வேலையும் செய்கிறார்கள் என்று மேடையில் பாராட்டுகிறார்கள். செய்ய விடுகிறார்கள்தான், விலை பேச விடுவதில்லை. நான் ஒரு ரூபாவும் குறைப்பதில்லை. "வாய்க்காரி" என்று பெயர் வந்துவிட்டது. சரி, வரட்டும்.

முல்லைத்தீவில் இருந்து:

தங்கச்சி, உனக்கு விலை, எனக்குக் கையெழுத்து. என் மனுசன் போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் எங்களிடமிருந்து பிரிபட்டுக் காணாமற்போனவர், இன்றுவரை தகவல் இல்லை. தையல் கடை போடுவதற்காக, அம்மா சீதனமாகத் தந்த காணியில் ஒரு துண்டை விற்க நொத்தாரிசிடம் போனேன். உறுதி என் பெயரில்தான் இருக்கிறது. அவர் அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணவருடைய சம்மதம் எழுத்தில வேணும்" என்றார். தேசவழமைக்காரருக்கு, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு, 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கலியாணம் கட்டியவள் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். புருசன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

ஊர் காட்டிய சுருக்கு வழி, "மரணச் சான்றிதழ் எடு." காணாமற்போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் எடுக்கவென்று 2010இல் ஒரு சட்டமே வந்தது. அவர் செத்துவிட்டார் என்று நான் எழுதிக் கொடுப்பதா? முடியவில்லை. (2016க்குப் பிறகு காணாமற்போனவர்களுக்கு, செத்துவிட்டார் என்று சொல்லாத வேறு சான்றிதழ் வந்தது.) புருசன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று பிறகுதான் அறிந்தேன். அலைந்து அலைந்து ஆணையை எடுத்தேன். கடை திறந்த அன்று பொட்டு வைத்துக்கொண்டு நின்றேன். "புருசன் இல்லாதவளுக்கு என்ன பொட்டு" என்று ஒருத்தி சொன்னா. காணி விற்கப் போனபோது "புருசனிட்டைக் கேக்காமல் எப்பிடி விக்கிறது" என்று கேட்டதும் அவதான்.

மாங்குளத்தில் இருந்து:

நான் கண்ணிவெடி அகற்றுகிறேன். கலியாணம் பேசி வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள். ஆபத்து என்பதற்காக இல்லை, "ஆம்பிளையளோட நிக்கிற வேலை" என்பதற்காக. விடமாட்டேன் என்றேன், பேச்சு அதோடு நின்றது. அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் விடிய, வாகனம் வரமுதல், சாப்பாட்டைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்.

கிளிநொச்சியில் இருந்து:

முல்லைத்தீவு அக்கா, மேலே அப்பா இல்லை என்று எழுதிவிட்டேன். அவரும் காணாமற்போனவர்தான். காணி அம்மாவின் பெயரில் இருக்கிறது. நீதிமன்றத்தில் உங்களிடம் என்னென்ன கடிதங்கள் கேட்டார்கள்?