ரோமானிய முயல் ப்ரூச் நகல்: எனாமல் தெறிக்குது, ஊசி வளையுது

ராயபுரம் கைவினை:
வண்ணாரப்பேட்டை பள்ளிக் கண்காட்சிக்காக, பிரிட்டன் அகழாய்வுகளில் கிடைக்கிற கி.பி. 2ஆம் நூற்றாண்டு முயல் வடிவ ப்ரூச்சுக்கு (துணியில் குத்திக்கிற ஊசி வெச்ச அணி) நகல் செய்றோம். நீளம் 3 செ.மீ., 1.5 மி.மீ. பித்தளைத் தகடு. முயலோட உடம்பைக் குடைஞ்சு நீல எனாமல் பொடி (சூட்டில் உருகி உலோகத்தில் ஒட்டுற கண்ணாடித் தூள்) நிரப்பிச் சுட்டோம். ஆறும்போதே ஓரத்தில் சில்லு சில்லாத் தெறிச்சிடுச்சு. பின்பக்கம் வெள்ளிப் பற்றாசு போட்டு வெச்ச கீல் சூளைக்குள்ளேயே கழன்றது. ஊசியும் துணியில் குத்தினா வளையுது. எங்கே தப்பு?

தங்கசாலை மீனா:
தப்பு தகட்டிலேயே இருக்குது. கடையில் கிடைக்கிற சாதாரணப் பித்தளையில் 30 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் இருக்கும். சூட்டில் அது ஆவியாகி எனாமலுக்கு அடியில் குமிழி கட்டும், அப்புறம் பிடிப்பு ஏது? துத்தநாகம் 5 சதவீதத்துக்குள் இருக்கணும். சுத்தச் செம்புத் தகடே எடுங்க.

குழி அரை மி.மீ. ஆழம் போதும். தரையை வழுவழுப்பா விடாம உளியால் குறுக்கும் நெடுக்குமாக் கீறி விடுங்க. பொடியைத் தண்ணியில் போட்டுக் கலக்கி, மேலே நிற்கிற பால் மாதிரித் தண்ணியை வடிச்சுக்கிட்டே இருங்க. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடக்கூடாது. அந்த மெல்லிய தூள்தான் நிறத்தை மங்க வைக்கும். ஈரப் பொடியைக் குழியில் அடைச்சு, சூளை வாசலிலேயே முழுசாக் காய வைங்க. ஈரம் மிச்சமிருந்தா ஆவி பொடியைத் தூக்கி எறிஞ்சிடும். 780–800 டிகிரி, இரண்டு மூன்று நிமிஷம். உருகினதும் மட்டம் இறங்கும், அதனால் இரண்டு மூன்று தரம் நிரப்பணும். கடைசியில் சாணைக்கல்லால் தண்ணி விட்டுத் தேய்ச்சு, உலோக ஓரத்தோடு சமமாக்கி, பளபளப்புக்கு ஒரு தரம் சுட்டா முடிஞ்சது. சூளையிலிருந்து எடுத்ததும் ஃபேன் காத்து படவே கூடாது.

நீலம் எடுத்தது நல்ல முடிவு. அந்தக் காலத்துச் சிவப்பு, ஈயம் கூடின கண்ணாடியில் செம்பு ஆக்சைடால் வர்றது. காத்து பட்டுச் சுட்டா பச்சையோ கருப்போ ஆகிடும்.

வார்ப்பு வேலை:
ரோமானியர் கீலைத் தனியா ஒட்டலை. கீல் காது இரண்டு, வால் பக்கம் ஊசி மாட்டுற கொக்கி, தகடு எல்லாத்தையும் சேர்த்து ஒரே வார்ப்பா எடுத்தாங்க. நீங்க போட்ட வெள்ளிப் பற்றாசு 700 டிகிரியை ஒட்டியே இளகும். 800-ல் எப்படி நிற்கும்? தகட்டில்தான் செய்யணும்னா, எனாமல் குழிக்கு வெளியே முன்கூட்டியே ஓட்டை போட்டு வெச்சு, சுட்டு முடிச்ச பிறகு மெல்லிய செம்புக் கம்பியால் ரிவெட் அடிங்க. அடியில் தோல் விரிச்சு மெதுவாத் தட்டுங்க. ஓங்கி அடிச்சா எனாமலில் விரிசல் விழும்.

ஊசியைச் சூளைக்குள் விடவே கூடாது, சூட்டில் இளகி மெழுகு மாதிரி ஆகிடும். வெண்கலக் கம்பியைச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக வைங்க. ஊசித் தலையில் சின்ன மூக்கு ஒண்ணு விட்டு, அது தகட்டின் முதுகில் முட்டுற மாதிரி வைங்க. கொக்கியில் மாட்டும்போது அந்த மூக்கு அழுத்துறதால்தான் ஊசிக்கு இழுப்பு வருது. சுருள் கம்பி தேவையில்லை.

ராயபுரம் கைவினை:
நன்றி அண்ணா, செம்புக்கு மாறிடுறோம். இன்னொரு சந்தேகம்: இங்கே கடல் காத்து. களிம்பு பிடிக்காம எப்படி வைக்கிறது?

வெண்கலப் பராமரிப்பு:
காசிமேட்டு உப்புக் காத்தில் செம்பு சீக்கிரம் நிறம் மாறும். வெறுங்கையால் தொட்டா வேர்வையில் இருக்கிற உப்பும் சேரும். காய்ச்சி வடித்த தண்ணியில் கழுவி, ஓரம் கீல் எல்லாம் உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லிசாப் பூசுங்க. மூடின டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. புது நகலுக்கு இது போதும்.

மாணவர்களுக்கு இதையும் காட்டுங்க: மண்ணிலிருந்து எடுத்த பழம்பொருளில் குளோரைடு உள்ளேயே தங்கியிருக்கும். ஈரம் கூடினா வெளிர்பச்சை மாவு கிளம்பி உலோகத்தை அரிக்கும், மேலேயிருக்கிற எனாமல் அதோட சேர்ந்து பெயர்ந்துடும். அதனால்தான் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பொருளை 40 சதவீதத்துக்கும் குறைந்த ஈரப்பதத்தில் வைக்கிறாங்க. கெட்டியான கரும்பச்சைப் பூச்சு வேறு, அதைச் சுரண்டக்கூடாது. முயலோட காது மடிப்பு, கண் குழியெல்லாம் அந்தப் பூச்சில்தான் பதிஞ்சிருக்கும்.