வேலை முடிந்த பிறகு ஜெர்மன் வகுப்பு: இது நடக்குமா?

பயிற்சிப் பொறுப்பாளர்:
எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு ஜெர்மன் கற்பிக்க முடிவாகியிருக்கிறது. மேலிடத்துத் திட்டம் இதுதான்: வாரம் இருமுறை, வேலை முடிந்த பிறகு ஒன்றரை மணி நேர வகுப்பு, எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஆண்டு இறுதியில் பி1 (ஏ1, ஏ2 ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் நிலை) தேர்வு, தேறாதவர்களுக்கு ஊதிய உயர்வில் வெட்டு. யாருக்கும் முன்பயிற்சி கிடையாது. நான் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் இந்த இணைய மன்றத்தில் உங்கள் கருத்தைக் கேட்கிறேன். ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

தொழிற்கூடம்:
முதலில் கணக்கு. வாரம் 3 மணி நேரம், விடுமுறை போக ஆண்டுக்கு 45 வாரம் என்றால் 135 மணி நேரம். 45 நிமிடப் பாடவேளையாகப் பிரித்தால் 180. பி1 தேர்வுக்கு 350 முதல் 650 பாடவேளை வரை தேவைப்படும் என்று தேர்வை நடத்தும் கோதே நிறுவனமே சொல்கிறது. அதன் கணக்குப்படி 180 பாடவேளை என்பது ஏ1 என்ற தொடக்க நிலைக்குத்தான் சரியாக இருக்கும். பாதி வழியில் இறக்கிவிட்டு, ஊர் போய்ச் சேரவில்லை என்று அபராதம் கேட்கிற திட்டம் இது.

பாடநூலை மூடி வையுங்கள். கடந்த சில மாதங்களில் வந்த அழைப்புகளையும் மின்னஞ்சல்களையும் எடுத்து, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் வரவில்லை, ரசீதில் பிழை, உதிரிப்பாகம் வேண்டும், சந்திப்பை மாற்ற வேண்டும்: பெரும்பாலானவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சூழல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றையே பாடமாக்குங்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் மாலுமிகளுக்கென்று தரப்படுத்திய ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. பல நாட்டவர் வேலை பார்க்கும் கப்பலில் அவை பயன்படுகின்றன. அதற்காக மாலுமிகள் யாரும் இலக்கிய ஆங்கிலம் படிக்கவில்லை.

வகுப்பறைக்காரி:
கப்பலைக் காட்டினீர்கள், விமானத்தை விட்டுவிட்டீர்கள். விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறையினருக்கும் நிலையான தொடர்கள் வெகுகாலமாக இருக்கின்றன. அவை மட்டும் போதாது என்றுதானே சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு மொழித்திறன் விதிகளைக் கொண்டுவந்து, 2008இலிருந்து நடைமுறைப்படுத்தியது? அதன் ஆறு நிலைகளில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். எதிர்பாராத திருப்பம் வரும்போது சமாளித்துப் பேசும் திறன் அந்த நிலையின் வரையறையிலேயே இருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளரும் பட்டியலைப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை. "பொருள் வந்துவிட்டது, ஆனால் போன முறை மாற்றித் தருவதாகச் சொன்னவர் இப்போது விடுப்பிலாமே?" என்று தொடங்குவார். மனப்பாடத் தொடர்கள் அங்கே உதவாது. ஜெர்மனில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில வினைகளில் முன்னொட்டு தனியாகப் பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஒரே வினை, கடைசியில் வரும் ஓரசையைப் பொறுத்து "வருகிறேன்" என்ற உறுதியாகவும் ஆகலாம், "ரத்து செய்கிறேன்" என்றும் ஆகலாம். வாக்கிய அமைப்புத் தெரியாத ஊழியர் முன்பாதியைக் கேட்டுவிட்டு "சரி" என்று குறித்துக்கொள்வார். இலக்கணத்தைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொழிற்கூடம்:
சொல்கிறேன். இலக்கணமே வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. எந்த இலக்கணம், எப்போது என்பதை வேலை முடிவு செய்யட்டும் என்கிறேன். சந்திப்பை ரத்து செய்வது இந்தப் பிரிவில் அன்றாட விஷயமானால், நீங்கள் சொன்ன பிரியும் வினை முதல் சில வகுப்புகளிலேயே வந்துவிடும். பொதுப் பாடநூலிலோ தன் அறிமுகம், குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் முடிந்துதான் அது வரும். ரசீது தகராறோடு அழைப்பவரிடம் என் பொழுதுபோக்கைச் சொல்லி என்ன பயன்?

மாலை வண்டி:
எதைக் கற்பிப்பது என்று இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இப்படிப்பட்ட வகுப்பில் உட்கார்ந்த ஊழியன். நாள் முழுக்க அழைப்பில் பேசிவிட்டு வருபவன் காதில் புதிய மொழி ஏறாது. முதல் மாதம் அறை நிறைந்திருக்கும். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசிவரை வருபவர்கள், ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்கள். மேலிடம் அவர்களைக் காட்டித் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதும்.

ஜப்பானின் ராகுடென் நிறுவனம் 2010இல் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக்குவதாக அறிவித்து, தேர்வு மதிப்பெண்ணுக்குக் கெடுவும் வைத்தது. தொடக்கத்தில் படிப்பை ஊழியரின் சொந்தப் பொறுப்பாக விட்டிருந்தவர்கள், பிறகு நிறுவனமே வகுப்புகள் நடத்தும் நிலைக்கு வந்தார்கள். மொழி வேலைக்குத் தேவை என்றால் அதைப் படிப்பதும் வேலைதான். வேலை நேரத்தில் வையுங்கள்.

கணக்கன்:
இவ்வளவு செலவு எதற்கு? மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கிறதே.

வகுப்பறைக்காரி:
மின்னஞ்சலுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆட்சேபமில்லை. கோபத்தோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை வரிக்கு வரி நிறுத்தி மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

கணக்கன்:
சரி, கைப்பேசிச் செயலியாவது? படித்தது நாளாக நாளாக எப்படி மறக்கிறது என்று காட்டும் மறதி வளைகோட்டை வைத்து, சரியான இடைவெளியில் சொற்களைத் திரும்பக் காட்டுகிறதாம்.

வகுப்பறைக்காரி:
அந்த வளைகோட்டுக்கு அடிப்படையாக ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நல்ல பழக்கம், சொற்களை நினைவில் நிறுத்த உதவும். எதிரே ஒருவர் இருந்து கேள்வி கேட்கும் பதற்றத்துக்கு அது யாரையும் தயார்ப்படுத்தாது.

பயிற்சிப் பொறுப்பாளர்:
வேலை நேரத்துக்கு மாற்ற முயல்கிறேன். ஆனால் மேலிடத்துக்கு ஏதாவது ஒரு சான்றிதழ் வேண்டும். தேர்வே இல்லை என்றால் நிதி கிடைக்காது.

வகுப்பறைக்காரி:
பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். தனித்தனியாகவும் எழுதலாம். சேவைப் பிரிவுக்குக் கேட்டலும் பேசுதலும் முதலில் போதும். அதையும் இரண்டாம் ஆண்டில் வையுங்கள். இந்த ஆண்டு ஏ1, அவ்வளவுதான்.

தொழிற்கூடம்:
இங்கேதான் மறுபடியும் மோதுகிறோம். தேர்வில் வருவது தேர்வு நடத்துபவர் தேர்ந்தெடுத்த தலைப்பு. அதற்குத் தயாராவதிலேயே வகுப்பு கரைந்துவிடும். அவர்கள் கையாண்ட உண்மையான அழைப்புகளைக் கேட்டு மதிப்பிடுங்கள். வாடிக்கையாளரின் சிக்கல் தீர்ந்ததா, இல்லையா?

வகுப்பறைக்காரி:
யார் கேட்டு மதிப்பிடுவது? ஜெர்மன் தெரியாத மேற்பார்வையாளரா? வாடிக்கையாளரே ஆங்கிலத்துக்கு மாறிச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டால் அது யாருடைய மதிப்பெண்?

தொழிற்கூடம்:
வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைக்கலாம். தேர்வுக் கட்டணத்தை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

மாலை வண்டி:
பொறுப்பாளர் அவர்களே, அந்த ஊதிய வெட்டை மட்டும் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு பற்றி இவர்கள் இருவரும் அடுத்த வாரமும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.