ஓட ஆரம்பித்ததும் முன்னங்கால் எலும்பில் வலி, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் ஓட ஆரம்பித்திருக்கிறேன், டிசம்பருக்குள் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. இப்போது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரம் நெடுக வலி. ஓட்டத்தின் தொடக்கத்தில் சுருக்கென்று இருந்து, உடம்பு சூடானதும் அடங்கி, அப்புறம் வீட்டில் மாடிப்படி இறங்கும்போது மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ் என்கிறார்கள். அழுத்தினால் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலிக்கிறது; ஒரே புள்ளியில் குத்தினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும் என்பதால் அதைத் தினமும் கவனிக்கிறேன். அப்படித் தெரிந்தால் நேராக எலும்பு டாக்டரிடம்தான்.

இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள், ஐஸ் ஒத்தடம், படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி.

சரி, கேள்விக்கு வருகிறேன். வலி போன பிறகு நடையும் ஓட்டமும் கலந்து எப்படித் திரும்பினீர்கள்? தார் ரோட்டை விட்டு மண் மைதானத்துக்கு மாறியது யாருக்காவது உதவியதா? கடைக்காரர் ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் வாங்கச் சொல்கிறார், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் என்னைப் போலத் தட்டைப் பாதம் உள்ளவர்கள் போட்டுப் பார்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.